மெஷினை நிறுத்தச் சொன்னவள்

நிக்குது. மறுபடியும் நிக்குது. இப்பக் கொஞ்ச நேரம் லேப்டாப்புல பச்சைக் கட்டம் ஒண்ணொண்ணா நிரம்பிக்கிட்டே வந்துச்சு, நானும் அப்பாடான்னு மூச்சு விட்டேன், விட்டது அதுக்குப் பொறுக்கல. கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டி லேப்டாப்புல மாட்டின ஹார்டு டிஸ்க்குக்குள்ள டிக், டிக்னு சத்தம், உள்ள யாரோ உக்காந்து என்னைப் பாத்து உச்சுக் கொட்டுற மாதிரி. நகருத்தா, நகரு. யாருக்கிட்டப் பேசுறேன், ஒரு இரும்புத் துண்டுக்கிட்ட. எனக்குப் பின்னாடி தங்கமாரியப்பன் அண்ணாச்சி நிக்காரு, திரும்பாமலே தெரியுது, வாசனைப் பாக்கு மணம் என் பிடரி வரைக்கும் வருது. இந்த பிரஸ்ஸுக்கு முதலாளி. அவரோட ஒரு வருஷம் இந்த டிஸ்க்குக்குள்ள கிடக்கு. அடுத்த வருஷத்துக் காலண்டர் டிசைன் அத்தனையும் இதுலதான், சாமி, குழந்தை, சீனரி, தலைவர்கள், எல்லாம். ஆடிப்பெருக்கு அன்னைக்குப் பூஜை போட்டு ஆல்பம் வெளியிடணும். ஆல்பம்னா மாதிரிக் காலண்டர் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துத் தச்ச பெரிய புஸ்தகம், அதைத் தூக்கிட்டுத்தான் ஏஜெண்டுங்க ஊர் ஊராப் போய் ஆர்டர் பிடிப்பாங்க. சிவகாசியில அன்னைக்கு ஆல்பம் இல்லாத பிரஸ், வருஷம் பூராவும் கையைக் கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான். ஆடிப்பெருக்கு இந்த வாரம். பக்கத்து ஸ்டூல்ல டிசைன் போடுற ஞானம் அண்ணன், வருஷம் பூராவும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அத்தனை சாமிக்கும் நகை மாட்டி விட்டவரு, இப்ப ரெண்டு கையையும் தொடைக்கு நடுவுல வச்சுக்கிட்டு, பரீட்சை எழுதுற பிள்ளையோட அப்பா மாதிரி உக்காந்திருக்காரு. இதுக்கு ஒரு காப்பி கிடையாதான்னு காலையில வந்ததும் கேட்டேன். கிடையாது. ஏன்னு கேட்டதுக்கு அண்ணாச்சி கம்ப்யூட்டரோட முதுகைத் திருப்பிக் காட்டினாரு. பென் டிரைவ் சொருகுற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் எம்-சீல் பசையை உருட்டி அடைச்சு வச்சிருக்கு, மவுசுக்கும் கீபோர்டுக்கும் மட்டும் வழி விட்டு. நெட் கிடையாது. உள்ள வர்ற எல்லாரும், அண்ணாச்சியோட மச்சினன் உள்பட, வாசல்ல இருக்குற கூடையில போனைப் போட்டுட்டுத்தான் வரணும். போன வருஷம் அண்ணாச்சி போட்ட மயில் மேல வர்ற முருகன், ஆல்பம் வெளியாகுறதுக்கு முன்னாடியே ரெண்டு தெரு தள்ளி இன்னொருத்தன் ஆல்பத்துல வந்துருச்சாம். திருடன் வந்து எடுத்துட்டுப் போகாம இருக்க எல்லா ஏற்பாடும் பண்ணின மனுஷன், எமன் வந்து எடுத்துட்டுப் போவான்னு நினைக்கல. டிஸ்க்கை என் வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாக்கட்டுமான்னு கேட்டதுக்கு, என் மூஞ்சியைப் பாத்த பார்வை இருக்கே. சரி, கொண்டு போகவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. சாகக் கிடக்குற டிஸ்க்கை நிறுத்தினா மறுபடி சுத்துமோ சுத்தாதோ, அதை யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. சுத்துற வரைக்கும் சுத்தட்டும், அதுக்குள்ள உள்ள இருக்குறதை இந்தப் புது டிஸ்க்குக்கு வாரிப் போட்டுரணும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான், ஆனா நகர மாட்டேங்குதே.

"ஏத்தா, முடியலைன்னா இப்பவே சொல்லிரு. மதுரையில ஒருத்தன் இருக்கான், வண்டி அனுப்பிக் கூட்டியாந்துர்றேன். தப்பா நினைக்காத." தப்பா நினைக்கல அண்ணாச்சி. நினைக்கலன்னு வாய்தான் சொல்லுது. மதுரைக்காரன். எனக்கு மேல ஒருத்தன். எனக்கு மேல ஒருத்தன் இருந்துக்கிட்டேதான் இருந்தான் இத்தனை வருஷமும், அவனுக்கு லெவல் டூன்னு பேரு. நான் லெவல் ஒன். சென்னையில பெரிய கண்ணாடிக் கட்டடம், பத்தாவது மாடி, ஏசி குளிருக்கு உள்ளங்கை வெளுத்துப் போகும், காதுல ஹெட்போன், வெளிநாட்டுல எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுன்னு கூப்பிடுவான், நான் ஆஷ்லி பேசுறேன்னு இங்கிலீஷ்ல சொல்லணும். அங்காளேஸ்வரி, ஆஷ்லி. முதல் எழுத்து ஒண்ணா இருக்கு பாரு, உனக்கு ஈஸியா இருக்கும்னு டிரெய்னிங்ல சொன்னாங்க, ஏதோ எனக்குச் சலுகை பண்ணின மாதிரி. அவன்கிட்ட என்னென்ன கேக்கணும்னு திரையில எழுதி இருக்கும். ஆன் பண்ணியிருக்கீங்களா. ஒயர் சொருகியிருக்கீங்களா. ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா. அதுக்கும் சரியாகலன்னா லெவல் டூவுக்கு மாத்தி விட்டுறணும், மாத்தி விட்டுட்டு அடுத்த ஆள், நான் ஆஷ்லி பேசுறேன். விஷயம் தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாதுங்கிறதுதான் அந்த வேலையே. ஒரு தடவை ஒரு பெரியவர், கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு போகுதுன்னு தினமும் கூப்பிடுறாராம், தினமும் மேல மாத்தி விடுறாங்களாம், சரியாகல. அன்னைக்கு என் லைனுக்கு வந்தாரு. வாய் சும்மா இருக்காம, அது எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டுட்டேன். ஹீட்டருக்குப் பக்கத்துலன்னாரு. அந்த ஊர்ல குளிருக்கு வீட்டுக்குள்ள வச்சிருப்பாங்களே, அது. கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்கன்னேன். அதோட சரியாப் போச்சு, மனுஷன் என்னை வாழ்த்தி மெயில் கூட போட்டாரு. எனக்கு அந்த வாரம் மார்க்கு சைபர். டீம் லீட் வினோதினி மேடம் ரூமுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, கோபமே படாம, "அது எங்க இருக்குன்னு நீ ஏன் கேட்ட? அது உன்னோட கேள்வி இல்லையேம்மா"ன்னு சொன்னாங்க. உன்னோட கேள்வி இல்ல. திட்டியிருந்தாக் கூட ரெண்டு நாள்ல மறந்திருப்பேன். வினோதினி மேடம் நல்லவங்க, அதுதான் கஷ்டம். எனக்குக் காய்ச்சல்னா அவங்க வீட்டுல இருந்து ரசம் கொண்டு வருவாங்க. நேத்துக் கூட அவங்கதான் கூப்பிட்டாங்க.

நேத்துக் கூப்பிட்டு, உன் சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கு அங்கா, நான் மேல பேசி வச்சிருக்கேன், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு, அதுக்கு மேல என் கையில இல்லன்னாங்க. நாளைங்கிறது இன்னைக்கு. நான் என்ன சொல்லியிருக்கணும், வரல மேடம்னு சொல்லியிருக்கணும். ராஜினாமாக் கொடுத்துட்டு, பெட்டி படுக்கையோட ஊருக்கு வந்து, "கம்ப்யூட்டர், சிசிடிவி, பிரிண்டர் சர்வீஸ்"னு ஃபிளெக்ஸ் அடிச்சு வாசல்ல கட்டினவ வேற என்ன சொல்லணும். யோசிச்சுட்டுச் சொல்றேன் மேடம்னு சொல்லி வச்சேன். பெரிய இவ மாதிரி வெளியே வந்துட்டு, ஒரு காலை மட்டும் உள்ள விட்டு வச்சிருக்கேன். அம்மாதான் காரணம்னு சொல்லிக்கலாம். அம்மா பாவம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் குச்சி அடுக்கி என்னைப் படிக்க வச்சவ, எம்மக ஐ.டி.ல இருக்கான்னு சொல்லும்போது அவ கழுத்து ஒரு விரக்கடை நீளும். இப்ப யாராவது கேட்டா, லீவுல வந்திருக்கான்னு சொல்றா. ஃபிளெக்ஸ் வாசல்ல தொங்குது, அதுக்கு அடியில நின்னுக்கிட்டே லீவுல வந்திருக்கான்னு சொல்றா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க, ஒயரும் கையுமா வீடு வீடா ஏறி இறங்குற பொண்ணை எவன் கட்டுவான்னு கேட்டா. கட்டாட்டிப் போறான்னு அவகிட்டச் சொல்லிட்டேன், எடுத்தேன் கவுத்தேன்னு. சொல்லிட்டு உள்ள போய் அழுதேன், அது வேற. ஆனா அம்மா மட்டும் காரணம் இல்ல. எனக்கே பயம். மாசமானா தானா வர்ற ஒண்ணை விட்டுட்டு வந்திருக்கேனே, எனக்கு என்ன தெரியும், நெசமாவே என்ன தெரியும், திரையில எழுதி வச்சதைப் படிச்சவதானே. இந்த டிஸ்க்கு என் கையில செத்துப் போச்சுன்னா இந்த ஊர்ல எந்தக் கடையில என்னை உள்ள விடுவாங்க. அந்த அங்காளேஸ்வரியா, அவ தொட்டுத்தான் தங்கமாரியப்பன் பிரஸ்ஸு போச்சுன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசுவாங்க. அப்பறம் சென்னைக்குத்தான் பஸ் ஏறணும், தலையில துண்டைப் போட்டுக்கிட்டு. சாயங்காலத்துக்குள்ள. போன் கூடையில கிடக்கு, அதுவும் நல்லதுக்குத்தான், கையில இருந்தா இப்பவே சரி மேடம் வந்துர்றேன்னு அமுக்கியிருப்பேன்.

டிக், டிக். அண்ணாச்சி கீழே போறாரு, படியில செருப்புச் சத்தம் கேக்குது. லாரிக்காரன் வந்திருப்பான். கீழே ஆஃப்செட் மெஷின்ல பட்டாசுப் பெட்டி லேபிள் ஓடிக்கிட்டு இருக்கு, இன்னைக்கே ஏத்தி அனுப்பணுமாம். அவர் போனதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. டிஸ்க்கை மேஜையில இருந்து எடுத்து ஞானம் அண்ணன் துண்டை மடிச்சு அதுமேல வச்சுப் பாத்தேன். அசையல. அப்பறம் உள்ளங்கையில வச்சுக்கிட்டேன். சூடா இருக்கு, லேசா நடுங்குது. நாலு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பாத்தவ நான், எத்தனை ஆயிரம் பேரோட கம்ப்யூட்டர், ஒண்ணைக் கூடத் தொட்டது கிடையாது. இது சிரிப்புக்குச் சொல்லல. ஊருக்கு வந்து முதல் வேலை, தெரு முக்குல மெடிக்கல் கடை, பில் போடுற கம்ப்யூட்டர் வரல. வெள்ளைச் சுடிதாரெல்லாம் போட்டுக்கிட்டு ஜம்முனு போய் நின்னேன். ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்தேன்மான்னாரு. ஒயர் சரியா இருக்கான்னு கேட்டேன். நீயே பாரேன்மா, இங்கதானே இருக்குன்னாரு. ஆமா, இங்கதானே இருக்கு. அது இங்க, என் கண்ணு முன்னாடி இருக்குங்கிறதே எனக்கு அப்பத்தான் உறைச்சுது. மூடியைக் கழட்டணும், பையைத் திறந்தா ஸ்க்ரூ டிரைவர் இல்ல. இல்லன்னா மறந்துட்டு வரல, எங்கிட்ட ஸ்க்ரூ டிரைவருன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, வாங்கணும்னு தோணவே இல்ல. அவர் மாத்திரை அட்டை வெட்டுற கத்திரியைக் கொடுத்தாரு. அதோட முனையால கழட்டி, உள்ள ரேமை எடுத்து, ரப்பர் வச்சுத் தேச்சு, துடைச்சு மாட்டினேன், டக்குனு உயிர் வந்துருச்சு. கை பூரா தூசி, வெள்ளைச் சுடிதாரு நாசம், எனக்கு ஆகாசத்துல பறக்குற மாதிரி இருந்துச்சு. கிளம்பும்போது பழக்க தோஷத்துல, வேற ஏதாவது உதவி வேணுமாங்கன்னு கேட்டுத் தொலைச்சேன். அங்க அதைக் கேக்காம லைனைக் கட் பண்ணக் கூடாது, யாரும் எதுவும் கேக்கவும் மாட்டாங்க. இவர் நல்லவேளை கேட்டம்மான்னு உள்ள போய் வீட்டு மிக்ஸியைத் தூக்கிட்டு வந்துட்டாரு. அதையும் பாத்துக் கொடுத்தேன். பாத்தேன்லா. யாருக்கும் மாத்தி விடல, நான்தான் பாத்தேன்.

நகந்துச்சு. ஏ, நகந்துச்சு. பச்சை, பச்சை, பச்சை, கடகடன்னு. "அண்ணே, ஓடுது"ன்னேன். ஞானம் அண்ணன் எந்திரிச்சே நின்னுட்டாரு, விநாயகர் ஃபோல்டர் வந்துருச்சான்னு கேக்காரு, வரும்ணே, வந்துக்கிட்டு இருக்கு, பேசாம இருங்க. என்ன பண்ணினேன், கையில எடுத்தேன், அதனாலயா. அப்ப என் கைராசிதான் போல. மனசு கெக்கலி கொட்டிச்சு. ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்குமா, அவ்வளவுதான், மறுபடி நின்னுருச்சு. டிக், டிக். கையிலதானே இருக்கு, அப்படியேதானே வச்சிருக்கேன், இப்ப என்ன வந்துச்சு. மண்டை காயுது. ஏன் ஓடுச்சு, ஏன் நின்னுச்சு. இந்த ரூமுக்குள்ள எதுவும் மாறல. அண்ணே அங்கயே நிக்காரு, ஃபேன் அப்படியேதான் சுத்துது, கரண்டும் போகல. நான் வெறுங்கால்ல உக்காந்திருக்கேன், டிசைன் ரூமுக்குள்ள செருப்புப் போடக் கூடாது, உள்ளங்காலு கூசுது. காலையில இருந்தே கூசிக்கிட்டுத்தான் இருக்கு. பயத்துல கூசுதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பயத்துலயா. காலைத் தூக்கினேன். கூச்சம் இல்ல. கீழே வச்சேன். கூசுது. தரை. தரைதான் நடுங்குது, கீழே மெஷின் ஓடுற ஓட்டத்துக்கு இந்தத் தளம் பூரா நடுங்குது, நாற்காலிக் காலு வழியா எனக்கு ஏறி, என் கை வழியா டிஸ்க்குக்கு ஏறுது. "அண்ணே, கொஞ்சம் முன்னாடி கீழே மெஷினு நின்னுச்சா?" அவர் காதைத் தீட்டி யோசிச்சு, "அடுத்த கலருக்குப் பிளேட்டு மாத்தியிருப்பான்மா, அப்ப நிறுத்துவான்"னாரு. அது எங்க வச்சிருக்கீங்க. அது என்னோட கேள்வி இல்லையாம். அதுதான் என்னோட கேள்வி, வேற எந்தக் கேள்வியும் எனக்குத் தெரியாது, இது ஒண்ணுதான் நானா கேட்டது.

இரு, இரு, எடுத்தேன் கவுத்தேன்னு போகாத. இது நெசமா, என் நினைப்பா. டிஸ்க்குக்குள்ள ஒரு தட்டு சுத்துது, அதுல ஒட்டாம ஒட்டிக்கிட்டு ஒரு ஊசி ஓடுது. நல்ல டிஸ்க்குன்னா இந்த நடுக்கத்தைத் தாங்கும், இத்தனை வருஷம் தாங்கியிருக்கு. இது ஏற்கனவே தள்ளாடுது, ஓடுற டவுன் பஸ்ல நின்னுக்கிட்டு ஊசியில நூல் கோக்குற மாதிரி கிடந்து தவிக்குது. சரியாத்தான் இருக்கு. சரியாத்தான் தோணுது, ஆனா ஒரே ஒரு தடவைதானே பாத்தேன். ஒரு தடவை தற்செயலா நடந்திருந்தா. அடுத்த பிளேட்டு மாத்துற வரைக்கும் காத்திருந்து, அப்பவும் ஓடுதான்னு பாத்துட்டுப் போய்க் கேக்கலாம், அதுதான் மரியாதை. அதுவரைக்கும் இந்த டிக் டிக் தாங்குமா, சத்தம் காலையில விடக் கனமா இருக்கே. சீசன் நேரத்துல, லாரி வந்து நிக்கும்போது, சிவகாசியில ஒரு பிரஸ்ஸுக்காரர்கிட்டப் போய் மெஷினை நிறுத்துங்கன்னு சொல்றதா. அவங்க வீட்டுல சாவு விழுந்து கேதம்னாக் கூடப் பொணத்தை எடுத்த பிறகு வந்து மெஷினைப் போட்டுருவாங்க. நான் நேத்து வந்தவ. நிறுத்தச் சொல்லி, நிறுத்தியும் டிஸ்க்கு ஓடலைன்னா, லேபிளும் போச்சு, டிசைனும் போச்சு, ரெண்டுக்கும் நான்தான் காரணம். பேசாம மதுரைக்காரனைக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டா என் மேல பழி இல்ல. சாயங்காலம் வருவான், டிஸ்க்கு அதுக்குள்ள நின்னிருக்கும், வந்த உடனே இது முன்னாடியே போயிருச்சுங்கம்பான், பழி அவனுக்கும் இல்ல. யாருக்குமே பழி இருக்காது. லெவல் ஒன்னு லெவல் டூவுக்கு மாத்தும், லெவல் டூ லெவல் த்ரீக்கு மாத்தும், யாருக்கும் பழி இருக்காது, அந்தப் பெரியவரு மட்டும் தினமும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. ச்சீ. இதுக்கா வந்தேன், அந்த ஏசியை விட்டுட்டு, மேடத்தோட ரசத்தை விட்டுட்டு, அம்மாவை அழ விட்டுட்டு. ஞானம் அண்ணனோட மூஞ்சியைப் பாத்தேன். அவரு டிஸ்க்கைப் பாக்கல. என்னைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, கையை நீட்டுங்க. இதை இப்படியே பிடிச்சுக்கோங்க, ஒயரு இழுபடாம. நான் வர்ற வரைக்கும் தும்மக் கூடச் செய்யாதீங்க." அவரு கையில வச்சேன். படியில இறங்குறேன், ஒவ்வொரு படிக்கும் காலுல அதிர்வு கூடுது, கூடக் கூட எனக்குத் தெம்பு வருது, ஆமா, இதுதான், இதேதான். கீழே மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையுமா மூக்கை அடைக்குது. மெஷின் ஓட்டுற அழகர்சாமி அண்ணன் லேபிள் தாளை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. சத்தத்துல அவர் காதுக்கிட்டப் போய்க் கத்த வேண்டியதாயிருச்சு. "அண்ணே, மெஷினை நிறுத்துங்க." என்னைக் கீழ இருந்து மேல பாத்தாரு. "அண்ணாச்சி சொன்னாரா?" இல்லண்ணே, நான் சொல்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு, பக்கத்துல தாள் அடுக்குற அக்கா வேற சிரிச்சுச்சு. அதுக்குள்ள அண்ணாச்சியே வந்துட்டாரு, முகம் செவந்திருக்கு. "என்னத்தா இது. இங்க நிறுத்தினா ரோலர்ல மை காஞ்சு போகும், வாசல்ல லாரி நிக்குது. மெஷினுக்கும் உன் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்?" சொன்னேன். தரை, நாற்காலி, டிஸ்க்கு, ஊசி, பிளேட்டு மாத்தும்போது ஓடுனது, எல்லாம் சொன்னேன், கோர்வையாச் சொன்னேனான்னு தெரியல, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. கேட்டு முடிச்சுட்டு, "நிறுத்தினா வந்துருமா?"ன்னாரு. வந்துரும் அண்ணாச்சின்னு சொல்லத்தான் நாக்கு நுனிக்கு வந்துச்சு. அப்படிச் சொல்லித்தான் பழகியிருக்கேன், கவலைப்படாதீங்க, நிச்சயமாச் சரியாயிரும், உங்க பொறுமைக்கு நன்றி. "தெரியாது அண்ணாச்சி"ன்னேன். "நிறுத்தினா வருமான்னு தெரியாது. ஓடுனா வராது, அது எனக்கு நல்லாத் தெரியும்." மெஷினு ஓடிக்கிட்டு இருக்கு, லேபிள்ல இருக்குற குருவி படம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுந்துக்கிட்டே இருக்கு. அண்ணாச்சி அதைப் பாத்தாரு, வாசலைப் பாத்தாரு. அப்பறம் கையைத் தூக்கி அழகர்சாமி அண்ணனுக்கு ஜாடை காட்டினாரு.

நின்னுச்சு. அந்த மெஷினு நின்ன அமைதி இருக்கே, எனக்குக் காது ரெண்டும் கொய்ங்னுச்சு. தெருவுல ஐஸ்காரன் மணி கேக்குது, எங்கயோ ரேடியோ பாடுது, இது எல்லாம் இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு. ரெண்டு ரெண்டு படியாத் தாவி மேல வந்தேன். ஞானம் அண்ணன் அப்படியே சிலை மாதிரி நிக்காரு, கையை நீட்டிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. திரையைப் பாக்கப் பயமா இருந்துச்சு. முதல்ல காதைக் கொடுத்தேன். டிக் இல்ல. சர்னு ஒரே சீரா, நல்ல பிள்ளை தூங்குற மூச்சு மாதிரி. திரையில பச்சை. பச்சை மேல பச்சை. நின்ன இடத்தைத் தாண்டிருச்சு, அடுத்ததையும் தாண்டிருச்சு. அடி ஆத்தி. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது, மூக்கை உறிஞ்சிக்கிட்டு டிஸ்க்கை அவர் கையில இருந்து வாங்கி என் மடியில வச்சுக்கிட்டேன். கேட்டேன், நிறுத்தினாங்க. ஒரு பிரஸ்ஸையே நிறுத்த வச்சிருக்கேன். அங்க ஒரு நாற்காலியை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போடணும்னாக் கூட மெயில் போடணும், அது மேல போகணும், மேல இருந்து வரணும். இங்க நான் மாடியில இருந்து வெறுங்காலோட இறங்கிப் போய் நிறுத்துங்கன்னேன், நின்னுருச்சு. வினோதினி மேடம், நான் வரல. இதை எழுதி அனுப்பக் கூட வேண்டாம், போன் பண்ணியே சொல்லுவேன், நல்லாத் தமிழ்லயே சொல்லுவேன், உங்க ரசம் மட்டும் வேணும் மேடம், சீட்டு வேண்டாம், வேற யாருக்காவது கொடுங்க. நான் எங்கயும் காலை விட்டு வைக்கல. ரெண்டு காலும் இங்கதான் இருக்கு. அம்மாகிட்டயும் சொல்லணும், லீவுன்னு சொல்லாதம்மா, கேக்குறவங்ககிட்ட ஃபிளெக்ஸைக் காட்டுன்னு. கோவிச்சுக்குவா. கோவிச்சுக்கிட்டு, பிறகு பிரஸ்ஸு கதையைப் பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லுவா, எம்மக சொல்லி மெஷினையே நிறுத்திட்டாங்களாம்லன்னு, கழுத்து நீளும், எனக்குத் தெரியாதா அவளை. பயம் போயிருச்சான்னா, போகல. நாளைக்கு இன்னொரு டிஸ்க்கு வரும், அது ஓடாம கூடப் போகலாம். ஓடாட்டி ஓடலன்னு சொல்லுவேன். சொல்றதுக்கு வாய் இருக்குல்ல. இத்தனை நாள் இல்லாத வாய்.

கடைசிக் கட்டமும் பச்சையாச்சு. பழைய டிஸ்க்கை நிறுத்தாம அப்படியே சுத்த விட்டுட்டு, புதுசுல இருந்து ஞானம் அண்ணன் ஒவ்வொண்ணாத் திறந்தாரு. விநாயகர் வந்தாரு, முதல்ல அவர்தான். மயில் மேல முருகன், புது முருகன், வேலுல வெளிச்சம் அடிக்குது. மீனாட்சி. குழந்தை இயேசு. மெக்கா. தொட்டில்ல கட்டை விரலைச் சூப்புற ஒரு பாப்பா, அதைப் பாத்ததும் ஞானம் அண்ணன், இது எம்பேத்திம்மா, போட்டோ எடுத்துப் போட்டேன்னு சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சாரு. ஒரே ஒரு அருவி மட்டும் பாதியில சாம்பல் நிறமாப் போயிருந்துச்சு, தண்ணி மேல இருந்து வந்து நடுவுல காணாமப் போயிருச்சு. எனக்குத் திக்குனுச்சு. பின்னாடி அண்ணாச்சி எப்ப வந்தாருன்னு தெரியல. "அருவிதானே, போனாப் போகுது. சாமி எல்லாம் வந்துருச்சுல்ல"ன்னாரு. தோளுல கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைச்சுக்கிட்டு, படி வரைக்கும் போனாரு. கீழே லாரிக்காரன் ஹார்னை விடாம அடிக்கான். கீழே பாத்துக் குரல் கொடுக்க வாயைத் திறந்தவரு, மூடிக்கிட்டு, திரும்பி எங்கிட்ட வந்தாரு.

"ஏத்தா, மெஷினை ஓட்டச் சொல்லலாமா?"

"இருங்க அண்ணாச்சி. இன்னும் ரெண்டு ஃபோல்டர் இருக்கு. திறந்து பாத்துட்டுச் சொல்றேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. ஹார்ன் அடிக்குது, அவர் அசையல. கையை முட்டியில வச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காரு. நான் அவசரப்படல. ஒவ்வொரு ஃபைலாத் திறந்தேன், பெருசு பண்ணிப் பாத்தேன், மூடினேன். எல்லாம் முழுசா இருந்துச்சு. பழைய டிஸ்க்கோட ஒயரை நானே உருவினேன், அது மெதுவாச் சுத்தி, மெதுவா ஓய்ஞ்சுது. ஓட்டச் சொல்லுங்க அண்ணாச்சின்னேன். அவர் எந்திரிச்சு, படிக்கட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே குனிஞ்சு கத்தினாரு.

"அழகரு, ஓட்டுப்பா. பிள்ளை சொல்லிருச்சு."